கலைஞரின் கணக்கு நோட்டு ஏன் காப்பகத்துக்குப் போக வேண்டும்?

2025-26 மத்திய பட்ஜெட்டில் 'ஞான பாரதம்' என்ற திட்டம் அறிவிக்கப்பட்டது. நாடு முழுவதும் 1 கோடிக்கு மேற்பட்ட சுவடிகளைக் கணக்கெடுத்து, விவரம் பதிந்து, பாதுகாப்பது அதன் நோக்கம். கல்வி நிறுவனங்கள், அருங்காட்சியகங்கள், நூலகங்களோடு தனியாரிடம் இருப்பவையும் இதில் அடக்கம். இந்தச் செய்தியைப் படிக்கிற இசைக் குடும்பத்தாருக்கும் ஓவியர் குடும்பத்தாருக்கும் ஒரு சந்தேகம் வருவது இயல்பு. தாத்தா நாதஸ்வரம் வாசித்தவர். பரண்மேல் ட்ரங்குப் பெட்டியில் அவருடைய பாட்டு நோட்டுகள், சபாக்காரர்கள் எழுதிய கடிதங்கள், திருவிழா நோட்டீஸ்கள், நாலைந்து போட்டோ, ஒரு வரவு செலவு நோட்டு எல்லாம் கிடக்கின்றன. இவையும் அந்தக் கணக்கில் வருமா? வந்தால் யார் வாங்கிக்கொள்வார்கள்? கொடுத்துவிட்டால் உரிமை போய்விடுமா?

சுருக்கமாகச் சொன்னால், அந்தப் பெட்டியில் கொஞ்சம்தான் 'சுவடி' என்ற வரையறைக்குள் வரும். மீதியைக் காப்பாற்றுவது வேறு வகை நிறுவனத்தின் வேலை. பல நேரம் அந்த மீதிதான் பெட்டியிலேயே அரியது.

## சுவடி வேறு, தனி ஆவணம் வேறு

2003இல் தொடங்கப்பட்ட தேசியச் சுவடிகள் இயக்கம் 'சுவடி' என்பதற்கு ஒரு வரையறை வைத்திருக்கிறது. ஓலை, காகிதம், துணி, மரப்பட்டை, உலோகம் என எதில் இருந்தாலும் சரி, அது கையால் எழுதப்பட்டிருக்க வேண்டும். குறைந்தது 75 ஆண்டு பழமை வேண்டும். அறிவியல், வரலாறு, அழகியல் ஆகியவற்றில் ஏதாவது ஒரு வகையில் குறிப்பிடத்தக்க மதிப்பு இருக்க வேண்டும். அச்சிட்டவை சுவடி ஆகாது. வருவாய்க் கணக்கு, அரசாணை போன்ற பதிவுகளும் ஆகாது.

இந்த அளவுகோலை அந்த ட்ரங்குப் பெட்டியில் வைத்துப் பாருங்கள். 1940இல் ஸ்வரப்படுத்தி எழுதிய கீர்த்தனை நோட்டு தேறும். 1962இல் எழுதியது வயது பற்றாமல் நின்றுவிடும். திருவிழா நோட்டீஸ் அச்சிட்டது, அதுவும் கழியும். கடிதமும் வரவு செலவு நோட்டும் கையெழுத்துதான். ஆனால் நூலாக எழுதப்பட்டவற்றைத் தேடுகிற கணக்கெடுப்பில் இவை கண்ணில் படுவது கடினம். போட்டோவும் ஸ்பூல் டேப்பும் வேறு இனம்.

ஒரு மனிதர் தன் வாழ்க்கையையும் தொழிலையும் நடத்தும்போது அவரிடம் தானாகச் சேர்ந்துவிடுகிற எல்லாவற்றையும் சேர்த்து தனி ஆவணங்கள் என்கிறோம். கடிதம், டைரி, ஒப்பந்தம், ரசீது, வரைந்து பார்த்த தாள், திருத்திய பிரதி, அழைப்பிதழ், படம், ஒலிநாடா எல்லாம் இதில் வரும். இவை வாசகருக்காக எழுதப்பட்டவை அல்ல. அதனால்தான் பின்னால் வருகிறவர்களுக்கு நம்பகமான சாட்சி ஆகின்றன.

இதை நூலகம் கையாளும் விதமும் ஆவணக் காப்பகம் கையாளும் விதமும் வெவ்வேறு. நூலகத்தில் ஒவ்வொரு புத்தகமும் தனி உருப்படி. அதே புத்தகம் இன்னொரு ஊரிலும் இருக்கும். காப்பகத்தில் இருப்பது பெரும்பாலும் உலகத்தில் ஒரே ஒரு பிரதி. தனித்தாளாக எடுத்தால் பாதி அர்த்தம் போய்விடும். பெட்டி முழுவதும் சேர்ந்துதான் ஒரு உருப்படி.

## பாட்டு நோட்டு மட்டும் போதாதா?

பெரியவர் காலமானதும் வீட்டில் நடப்பது அநேகமாக ஒன்றுதான். காரியம் முடிந்து வீட்டை ஒழுங்குபடுத்தும்போது பாட்டு நோட்டை மட்டும் பத்திரமாக எடுத்துவைப்பார்கள். பில், ரசீது, கிழிந்த நோட்டீஸ், பழைய டைரி எல்லாம் பேப்பர் கடைக்குப் போகும். மரியாதைக் குறைவால் செய்வதில்லை. மரியாதையால்தான் செய்கிறார்கள், பெருமைக்குரியதை வைத்துக்கொண்டு மற்றதைக் கழிக்கிறார்கள். ஆனால் பாட்டு நோட்டில் இருக்கிற கீர்த்தனை வேறு சீடர் ஒருவரின் நோட்டிலும் இருக்கலாம், அச்சிலும் வந்திருக்கலாம். கழித்தது எங்கேயும் இருக்காது.

1950களின் நாதஸ்வரக் கச்சேரிக் கணக்கு நோட்டு ஒன்றை உதாரணமாக வைத்துக்கொள்வோம். இடப்பக்கம் தேதி, ஊர், யார் வீட்டுக் கல்யாணம் அல்லது எந்தக் கோயில் உற்சவம். வலப்பக்கம் பேசிய தொகை, அட்வான்ஸ், பாக்கி. அடியில் பொடி எழுத்தில் தவிலுக்கு இவ்வளவு, ஒத்துக்கு இவ்வளவு, தாளத்துக்கு இவ்வளவு, வண்டிச்சத்தம், சீவாளி (நாதஸ்வரத்தின் ஊதுநாக்கு) வாங்கிய செலவு. இந்த ஒரு பக்கத்திலிருந்து என்னவெல்லாம் எடுக்கலாம்?

1. மேளக்காரர்களுக்குள் பணம் எந்த விகிதத்தில் பிரிந்தது என்பது. தவில்காரரின் பங்கு வருஷத்துக்கு வருஷம் ஏறியிருந்தால், தவிலுக்கு ஏறிய மதிப்பின் வரலாறு அதில் இருக்கிறது. இதை எந்தப் பாராட்டுரையும் சொல்லாது.

2. ஒரு கலைஞரின் நடமாட்ட எல்லை. எந்தெந்த ஊர், எந்தக் கோயிலில் முறைப்படி சேவகம், எங்கே கூலிக்கு வாசிப்பு என்பதெல்லாம் தெரியும். கோயில் மானியம் குறையக் குறையக் கல்யாணக் கச்சேரி கூடியதா என்றும் பார்க்கலாம்.

3. ஆடியிலும் மார்கழியிலும் கல்யாண வரும்படி இல்லாமல் பக்கம் காலியாகக் கிடக்கும். அந்த மாதங்களில் யாரிடம் கடன் வாங்கினார், எப்போது திருப்பினார் என்பதும் அதே நோட்டில் இருக்கும். கலைஞரின் வறுமையைப் பற்றிப் பொதுவாக நிறையப் பேசுகிறோம். கணக்கோடு பேச இப்படிப்பட்ட நோட்டுதான் வேண்டும்.

இது கற்பனையான எதிர்பார்ப்பு அல்ல. தஞ்சை மராட்டியர் அரண்மனையில் பாடினவர்கள், ஆடினவர்கள், நட்டுவனார்கள் பற்றி இன்று நமக்குத் தெரிந்தவற்றில் பெரும்பகுதி சரஸ்வதி மகால் நூலகத்தில் மூட்டை மூட்டையாகக் கிடந்த, மராட்டியை எழுதப் பயன்பட்ட மோடி எழுத்தில் உள்ள ஆவணங்களிலிருந்து வந்தது. அவை இலக்கியம் அல்ல. யாருக்கு எவ்வளவு சம்பளம், என்ன வெகுமதி, எந்தச் சடங்குக்கு என்ன செலவு என்ற அரண்மனைக் கணக்கு. தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகம் அவற்றில் ஒரு பகுதியைத் தமிழாக்கி வெளியிட்ட பிறகுதான் மராட்டி தெரியாத ஆய்வாளர்களுக்கு அந்தக் கதவு திறந்தது. அரண்மனை தன் கணக்கை வைத்திருந்தது. கலைஞர் வீடு வைத்திருந்த கணக்கு மட்டும் நம்மிடம் மிகக் குறைவு.

ஸ்பெஷல் நாடகத்தில் இந்தப் பிரச்சினை இன்னும் கூர்மையானது. அதில் நிலையான கம்பெனி கிடையாது. ராஜபார்ட் (கதாநாயகன்), ஸ்திரீபார்ட் (கதாநாயகி), பபூன் (கோமாளி) என்று ஒவ்வொருவரையும் தனித்தனியாகப் பேசி ஒரு ராத்திரிக்குச் சேர்ப்பார்கள்; விடிந்தால் கலைந்துவிடுவார்கள். கம்பெனி இல்லாததால் கம்பெனிப் பதிவேடும் இல்லை. யார் யாரோடு, எந்த ஊரில், எந்த நாடகம் ஆடினார்கள் என்பதற்கு நோட்டீஸும் நடிகரின் சொந்த டைரியும்தான் ஆதாரம். இவ்விரண்டும்தான் முதலில் குப்பைக்குப் போகின்றன.

இனி ஓவியர்கள் விஷயத்துக்கு வருவோம். பத்திரிகையில் தொடர்கதைக்குப் படம் போட்டவரின் அசல் தாளில், அச்சில் தெரியாத பல சேதிகள் இருக்கும். வெள்ளை மை பூசித் திருத்திய இடம், ஓரத்தில் பிளாக் அளவு, பின்பக்கம் ஆசிரியர் எழுதிய குறிப்பு. சினிமா பேனர் வரைந்தவர்களின் நிலைமை இதைவிட மோசம். படம் தூக்கப்பட்டதும் பேனரின் மேலேயே அடுத்த படத்தை வரைந்துவிடுவார்கள், படைப்பே மிஞ்சாது. மிஞ்சக்கூடியது பேனா கோட்டால் கட்டம் போட்ட ஸ்டில் ஒன்று மட்டும். கையகல போட்டோவில் இருக்கும் முகத்தை அந்தக் கட்டங்களை வைத்துத்தான் நாற்பது அடிக்குப் பெருக்கினார்கள். பெயின்ட் கறை படிந்த அந்த ஸ்டில் ஒரு முழுத் தொழில்நுட்பத்தின் ஆவணம். பேனர்காரரின் வீட்டில் அதை யாரும் 'சுவடி' என்று நினைத்துப் பார்த்திருக்க மாட்டார்கள்.

## நான்கு பெட்டிகளின் கதை

தமிழ்நாட்டில் கலைஞர்களின் காகிதங்கள் பிழைத்த விதங்களைப் பார்த்தால், ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு பாடம் தெரிகிறது.

எட்டயபுரம். முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதர் எட்டயபுரம் சமஸ்தானத்தில் இருந்தார். தன் மகள் வயிற்றுப் பேரன் சுப்பராம தீட்சிதரையே (1839-1906) சுவீகாரம் எடுத்துக்கொண்டார். குடும்பத்தின் பாட்டுச் செல்வம் சுப்பராம தீட்சிதர் கைக்கு வந்தது. மேல்நாட்டு ஸ்வரக் குறியீட்டில் நம் இசையை அச்சிடும் முயற்சியில் இருந்த சின்னசாமி முதலியார், அதை வெளியே கொண்டுவர வேண்டும் என்று இடைவிடாமல் வற்புறுத்தினார். சமஸ்தானம் செலவை ஏற்றது. 1904இல் அவருடைய 'சங்கீத சம்பிரதாயப் பிரதர்சினி' எட்டயபுரத்திலேயே தெலுங்கு எழுத்தில் அச்சாகி வந்தது. முத்துசுவாமி தீட்சிதர் கிருதிகளின் பாடம் பற்றி இன்றைக்கும் சர்ச்சை எழுந்தால் எல்லோரும் போய் நிற்கிற இடம் அந்தப் புத்தகம்தான்.

அச்சு அந்தப் பாட்டுகளைக் காப்பாற்றியது, சந்தேகமே இல்லை. ஆனால் அச்சுக்கு வருவது முடிவான வடிவம். இரண்டு பாடங்கள் கையில் இருந்து ஒன்றை ஏன் தேர்ந்தெடுத்தார், ஸ்வரத்தின் அசைவைக் காட்டும் எந்தக் கமகக் குறியை எங்கே மாற்றினார் என்பதெல்லாம் அச்சுக்கு முந்தைய தாள்களில் இருக்கிற விஷயம். புத்தகத்தை எத்தனை தடவை புரட்டினாலும் அது கிடைக்காது.

வாலாஜாபேட்டை. தியாகராஜரின் நேரடிச் சீடர் வாலாஜாபேட்டை வேங்கடரமண பாகவதர் (1781-1874). அவரும் அவர் மகன் கிருஷ்ணசாமி பாகவதரும் எழுதிவைத்த ஓலைகளும் காகிதங்களும் சிதறாமல் ஒரே தொகுப்பாக மதுரை சௌராஷ்டிர சபைக்கு வந்து சேர்ந்தன. தியாகராஜரின் வாழ்க்கை பற்றிய மிகப் பழைய குறிப்புகள் இந்தத் தொகுப்பில்தான் இருக்கின்றன. கீர்த்தனைகளின் ஸ்வரக் குறிப்புகளும் இருப்பதால், ஒரு ராகத்தின் பெயரைப் பற்றியோ ஒரு சங்கதியைப் பற்றியோ கேள்வி வந்தால் பார்க்கலாம். தியாகராஜருடன் இருந்து கற்றவரின் கையெழுத்து அது. இதைக் காத்தது பெரிய அரசு நிறுவனம் அல்ல என்பதைக் கவனிக்க வேண்டும். ஒரு சமூகச் சபை, தங்கள் சமூகத்து மனிதர் ஒருவரின் காகிதம் என்ற உணர்வோடு காத்தது. உள்ளூர்க் கலைஞருக்கு உள்ளூர்ச் சபைதான் முதல் காப்பகம் என்பது என் கருத்து. அதற்குத் தொழில்முறை உதவி கிடைக்கச் செய்வதுதான் பாக்கி வேலை.

பரதநாட்டியக் கச்சேரி முறையை வகுத்த சகோதரர்களான தஞ்சை நால்வரின் வழித்தோன்றல்கள் விஷயம் வேறு மாதிரி. தஞ்சை மேல வீதி வீட்டில் குடும்பமே நோட்டுகளை வைத்திருந்தது, கே.பி. கிட்டப்பா பிள்ளையும் கே.பி. சிவானந்தமும் அவற்றிலிருந்து உருப்படிகளை எடுத்து 1961இல் 'பொன்னையா மணிமாலை'யாக வெளியிட்டார்கள். அந்த வீட்டில் கற்ற கலையை அதே வீடு தொடர்ந்து செய்துவந்ததால் இது நடந்தது. எல்லா வீட்டிலும் அடுத்த தலைமுறை நட்டுவாங்கம் செய்யப்போவதில்லை.

கோட்டையூர். காரைக்குடி பக்கத்துக் கோட்டையூரில் ரோஜா முத்தையா சைன்போர்டு எழுதும் ஓவியர். அவர் வாழ்நாள் முழுவதும் தேடித்தேடிச் சேர்த்த தமிழ்ப் புத்தகங்களும் பத்திரிகைகளும் நாடக நோட்டீஸ்களும் அழைப்பிதழ்களுமாகச் சுமார் 1 லட்சம் உருப்படிகள். 1992இல் அவர் காலமானார். தொகுப்பைச் சிகாகோ பல்கலைக்கழகம் குடும்பத்திடமிருந்து விலைக்கு வாங்கியது. ஆனால் அமெரிக்காவுக்குக் கொண்டுபோகவில்லை. 1994இல் சென்னையிலேயே ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் உருவானது. இதில் இரண்டு முடிவுகள் முக்கியம். தொகுப்பைப் பிரித்து விற்காமல் முழுசாக வாங்கியது ஒன்று. அது பிறந்த மொழி பேசப்படும் ஊரிலேயே வைத்தது இன்னொன்று. நாட்டார் கலை, நாடகம், பழைய இசைத்தட்டு பற்றி ஆராய்கிறவர்கள் இன்றும் தரமணிக்குப் போகிறார்கள் என்றால், 'இதெல்லாம் சும்மா நோட்டீஸ்' என்று அந்த ஓவியர் எதையும் தள்ளாததுதான் காரணம்.

## காப்பகத்தின் உள்ளே என்ன நடக்கிறது

பெட்டி வாசலுக்கு வந்ததும் நல்ல காப்பகத்தில் முதலில் பார்ப்பது பூச்சி. கரையானும் ராமபாணமும் உள்ளே நுழைந்துவிட்டால் ஏற்கெனவே இருக்கும் தொகுப்புகளும் போய்விடும். அதனால் புதிதாக வந்ததைத் தனி அறையில் வைத்து, பூச்சி நீக்கிவிட்டுத்தான் உள்ளே எடுப்பார்கள்.

அப்புறம் இரண்டு விதிகள். உலகம் முழுக்கக் காப்பகத் தொழில் இவற்றின்மேல்தான் நிற்கிறது.

1. வந்த வழி கலையக் கூடாது. ஒருவரிடமிருந்து வந்த தாள்களை இன்னொருவருடைய தாள்களோடு கலக்கக் கூடாது. இரண்டு வித்வான்களும் ஒரே கீர்த்தனையை எழுதிவைத்திருந்தாலும், 'கீர்த்தனைகள்' என்று ஒரே கட்டாகக் கட்டக் கூடாது. 1841இல் பிரான்சில் அரசு உத்தரவாகவே இது வந்தது.

2. இருந்த வரிசை கலையக் கூடாது. கலைஞர் தன் தாள்களை எந்த வரிசையில் வைத்திருந்தாரோ அதே வரிசையில் இருக்க வேண்டும். ஒரு ராகத்தின் நோட்டுக்குள் ஒரு கடிதம் செருகியிருந்தால், அந்தக் கடிதத்துக்கும் அந்தப் பக்கத்துக்கும் சம்பந்தம் இருக்கலாம். கடிதங்களை எல்லாம் உருவித் தேதிவாரியாக அடுக்கினால் பார்க்க அழகாக இருக்கும், சம்பந்தம் தொலைந்துவிடும்.

இரண்டாவது விதிதான் வீட்டார் அதிகம் மீறுவது. கொடுப்பதற்கு முன் 'சுத்தம் செய்து' கொடுக்க வேண்டும் என்று நினைக்கிறார்கள். தேவையில்லை. பெட்டியைத் திறந்த நிலையில் நாலு போட்டோ எடுத்துவிட்டு, அப்படியே ஒப்படைப்பதுதான் உத்தமம்.

அடுத்தது விவரப் பட்டியல். பெட்டி 1, கட்டு 3: 1948-1953 சபாக் கடிதங்கள், 41 தாள் என்பது போல எழுதுவார்கள். பட்டியல் இல்லாத தொகுப்பு பூட்டிய அறைதான். உள்ளே இருப்பது யாருக்கும் தெரியாது. பல நிறுவனங்களில் வாங்கும் ஆர்வம் இருக்கிறது, பட்டியல் போட ஆள் இல்லை. நன்கொடை கொடுக்க நினைக்கிற கலை ஆர்வலர்கள் கட்டடத்துக்கோ கண்ணாடிப் பெட்டிக்கோ கொடுப்பதைவிட, ஒரு பட்டியலாளரின் இரண்டு வருஷச் சம்பளத்துக்குக் கொடுத்தால் பயன் பல மடங்கு.

கலைஞர்களின் தாள்களுக்கென்றே ஒரு நிறுவனம் இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவில் ஒரு முன்மாதிரி உண்டு. 1954இல் டெட்ராய்ட் நகரில் தொடங்கிய அமெரிக்கக் கலை ஆவணக் காப்பகம் 1970இல் ஸ்மித்சோனியன் நிறுவனத்தில் சேர்ந்தது. அது படங்களைச் சேர்ப்பதில்லை. ஓவியர்களின் கடிதம், டைரி, ஸ்கெட்ச் புத்தகம், கணக்கு ஆகியவற்றைச் சேர்க்கிறது. இன்று அங்கே 2 கோடிக்கும் மேற்பட்ட உருப்படிகள். நம்மிடம் சென்னை ஓவியக் கல்லூரி, கும்பகோணம் ஓவியக் கல்லூரி, சோழமண்டலம் ஓவியர் கிராமம் என்று நீண்ட மரபு இருக்கிறது. அந்த ஓவியர்களின் காகிதங்களுக்கு இப்படி ஒரு முகவரி வேண்டும்.

## உரிமை யாருக்கு?

குழப்பம் அதிகம் இங்கேதான். காகிதம் ஒரு சொத்து, அதில் எழுதியிருப்பதன் பதிப்புரிமை வேறொரு சொத்து என்பதைப் பிடித்துக்கொண்டால் பெரும்பாலானவை தெளிவாகிவிடும். இந்தியாவில் இதை ஆள்வது 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம்.

1. நோட்டைக் காப்பகத்துக்குக் கொடுப்பதால் மட்டும் பதிப்புரிமை போய்விடாது. உரிமையையும் கொடுக்க நினைத்தால் அதைத் தனியாக எழுதிக் கையெழுத்திட வேண்டும்.

2. உயிலுக்கு ஒரு சிறப்பு விதி உண்டு. 'என் நோட்டுகள் இன்னாருக்கு' என்று கலைஞர் உயில் எழுதி, அதில் உள்ள படைப்பு அவர் இறக்கும்வரை வெளியாகாமல் இருந்தால், உயிலில் வேறு எண்ணம் தெரியாதவரை பதிப்புரிமையும் அந்த இன்னாருக்கே போகும்.

3. பெட்டியில் உள்ள கடிதங்கள். தாத்தாவுக்கு ஒரு வித்வான் எழுதிய கடிதத்தின் காகிதம் உங்களுடையது. அதில் உள்ள வாசகத்தின் உரிமை அந்த வித்வானின் வாரிசுகளுடையது. காப்பகத்துக்குக் கொடுக்கலாம், ஆய்வாளர் படிக்கலாம். புத்தகமாகப் போட அந்தக் குடும்பத்தின் சம்மதம் வேண்டும்.

4. உரிமைக் காலம் பொதுவாக ஆசிரியர் இறந்து 60 ஆண்டு. ஆனால் இறந்தபின் முதன்முதலாக வெளியாகும் படைப்புக்கு, வெளியான வருஷத்திலிருந்து 60 ஆண்டு எண்ணுவார்கள். இதனால் வெளியாகாத ஒரு சாகித்யம் பல தலைமுறைக்குப் பூட்டிக்கிடக்கலாம். இதற்குச் சட்டமே ஒரு வழி வைத்திருக்கிறது. பொதுமக்கள் பார்க்க முடிகிற நூலகம், அருங்காட்சியகம் போன்ற இடத்தில் அந்தப் பிரதி இருந்து, ஆசிரியர் இறந்து 60 ஆண்டு கடந்திருந்தால், ஆய்வுக்காகவோ வெளியிடும் நோக்கத்தோடோ படியெடுப்பது மீறல் ஆகாது. பிரதி வீட்டுப் பரணில் இருந்தால் இந்தச் சலுகை இல்லை. காப்பகத்துக்குக் கொடுப்பதால் பாட்டுக்கே விடுதலை கிடைக்கிறது என்று சொல்லலாம்.

5. தமிழ்நாட்டு அரசின் நாட்டுடைமையை இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். நாட்டுடைமை ஆக்கும்போது அரசு குடும்பத்துக்குப் பணம் கொடுத்து நூல்களைப் பொதுவாக்குகிறது. வீட்டில் இருக்கும் டைரியையும் கடிதத்தையும் யாரும் வந்து எடுத்துக்கொள்வதில்லை. 'எல்லாம் நாட்டுடைமை ஆகிவிட்டது' என்ற நிம்மதியில் அசல் தாள்கள் அழியக் கூடாது.

6. வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள் கவனிக்க வேண்டிய ஒன்று. 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள், கலைச்செல்வச் சட்டப்படி, வரலாற்று, இலக்கிய, அழகியல் மதிப்புள்ள 75 ஆண்டுப் பழமையான கையெழுத்துப் பிரதி தொல்பொருள் ஆகும். ஓவியம், சிற்பத்துக்கு 100 ஆண்டு. இவற்றைத் தனியார் நாட்டுக்கு வெளியே கொண்டுபோக முடியாது. கொள்ளுத்தாத்தாவின் ஓலைக்கட்டைப் பாசத்தோடு பெட்டியில் வைத்து டொராண்டோவுக்கு எடுத்துப் போனாலும் அது சட்டமீறல்தான். ஸ்கேன் செய்த படத்துக்குத் தடை இல்லை.

## ஒரே பிரதி என்பதன் ஆபத்து

1981 மே 31 இரவு தொடங்கி யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டது. சுமார் 97,000 நூல்களோடு ஓலைச்சுவடிகளும் கையெழுத்துப் பிரதிகளும் சாம்பலாயின. அச்சுப் புத்தகத்துக்கு வேறு ஊரில் இன்னொரு பிரதி தேடலாம். கையெழுத்துக்குத் தேட முடியாது. அந்த இழப்பு ஈழத்தமிழர்களுக்குச் சொல்லிக்கொடுத்ததன் தொடர்ச்சியாகத்தான் 2005இல் தொடங்கிய 'நூலகம்' என்ற எண்ணிம (டிஜிட்டல்) திட்டத்தைப் பார்க்க வேண்டும். அசல் எங்கே இருந்தாலும் சரி, அதன் எண்ணிமப் படி வேறு இடத்திலும் இருக்க வேண்டும். கூத்து பழக்கும் ஆசிரியர்களான அண்ணாவிமாரின் கொப்பிகள் (நோட்டுகள்) போன்ற, ஒரே ஒரு வீட்டில் இருக்கும் பிரதிகளுக்கு இது உயிர்ப் பிரச்சினை.

தாள்கள் வெளிநாட்டுக்குப் போவதும் நடக்கிறது. கொழும்பில் பிறந்து பாஸ்டன் அருங்காட்சியகத்தில் பணியாற்றிய கலை வரலாற்றாளர் ஆனந்த குமாரசுவாமியின் ஆவணங்கள் இன்று பிரின்ஸ்டன் பல்கலைக்கழக நூலகத்தில் இருக்கின்றன. அவர் பிற்காலத்தில் வாழ்ந்து மறைந்தது அமெரிக்காவில்தான் என்பதால் அது நியாயம். ஆனால் இங்கே வாழ்ந்த கலைஞரின் பெட்டியை வெளியே அனுப்புவதானால், முழுத் தொகுப்பின் எண்ணிமப் படி உள்ளூர் நிறுவனத்துக்கு வர வேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே எழுத வேண்டும். கோட்டையூர் உதாரணம் காட்டுவதுபோல், அனுப்பாமலே பணத்தையும் நுட்பத்தையும் இங்கே வரவைக்கவும் முடியும்.

## கொடுக்கும்வரை வீட்டில் என்ன செய்வது

1. லேமினேஷன் வேண்டவே வேண்டாம். அதைத் திரும்பப் பிரிக்க முடியாது. செல்லோடேப்பும் வேண்டாம், பத்து வருஷத்தில் பசை மஞ்சளாகி எழுத்தோடு இறங்கிவிடும்.

2. குண்டூசி, கிளிப், ஸ்டேப்ளர் பின் துருப்பிடித்துத் தாளைத் தின்னும். கழற்றலாம், ஆனால் சேர்ந்திருந்த தாள்கள் சேர்ந்தே இருக்கும்படி ஒரு வெள்ளைத்தாளில் மடித்து வைக்க வேண்டும்.

3. பரண், சமையலறைச் சுவர், கழிவறைச் சுவர் மூன்றும் ஆகாது. ஓட்டுக்கடியில் சூடு, சுவரில் ஓதம். உள்ளறை அலமாரியில் தரையிலிருந்து ஒரு அடி உயரத்தில் இருந்தால் போதும்.

4. ஓலைக்குப் பூசும் புல்தைலத்தைக் காகிதத்துக்குப் பூசக் கூடாது. எண்ணெய் ஊறிய காகிதம் கறுத்துவிடும்.

5. போட்டோவின் பின்பக்கம் பேனாவால் எழுதாமல், மென்மையான பென்சிலால் பெயர்களை எழுதுங்கள். படத்தில் இருப்பவர்களை அடையாளம் காட்டக்கூடிய பாட்டியோ சித்தப்பாவோ உயிரோடு இருக்கும்போதே செய்ய வேண்டிய வேலை இது. மற்ற எதற்கும் காப்பகத்தில் ஆள் உண்டு, இதற்கு மட்டும் கிடையாது.

ஒலிநாடாக்கள்தான் எல்லாவற்றிலும் அவசரம். 2019இல் யுனெஸ்கோ 'காந்த நாடா எச்சரிக்கை' என்ற பெயரில் ஒரு முயற்சியைத் தொடங்கியது. நாடா கெடுவதைவிட, அதை ஓட்டும் கருவியும் உதிரிப்பாகமும் தெரிந்த மெக்கானிக்கும் முதலில் தீர்ந்துபோகிறார்கள் என்பதும், 2025 அளவில் நிலைமை கைமீறும் என்பதும் நிபுணர்களின் கணிப்பு. அந்த வருஷம் வந்துவிட்டது. பழைய ஸ்பூலைப் 'பாடுகிறதா பார்ப்போம்' என்று கிடைத்த டெக்கில் போட வேண்டாம். பூச்சு உதிர்ந்தால் அந்த ஒரு தடவையே கடைசித் தடவை ஆகலாம். வினிகர் வாடை வந்தால் நாடா கெடத் தொடங்கிவிட்டது என்று பொருள். அதை மற்றவற்றிலிருந்து பிரித்து, முதலில் அதையே எண்ணிமமாக்கக் கொடுக்க வேண்டும்.

## நிறுவனத்திடம் கேட்க வேண்டியவை

ஒப்படைப்புப் பத்திரத்தில் கையெழுத்திடும் முன் ஐந்து கேள்விகளுக்கு எழுத்தில் பதில் வாங்குங்கள். முதலாவது, தொகுப்பு கலைஞரின் பெயரிலேயே பிரியாமல் இருக்குமா. இரண்டாவது, பட்டியல் எப்போது முடியும், அதன் ஒரு பிரதி குடும்பத்துக்கு வருமா. மூன்றாவது, ஆய்வாளர்களுக்கும் அந்தக் கலையைச் செய்கிறவர்களுக்கும் என்ன விதியில் காட்டுவார்கள். பல்கலைக்கழகக் கடிதம் இல்லாத ஒரு தவில்காரர் வந்தால் அவருக்கும் காட்ட வேண்டும். நான்காவது, குடும்ப விஷயங்கள், உயிரோடு இருப்பவர்களைப் பற்றிய கடிதங்கள் இருந்தால் அவற்றை மட்டும் 20 அல்லது 30 ஆண்டுக்கு மூடிவைக்க முடியுமா. முடியும், பெரிய காப்பகங்களில் இது வழக்கம்தான். எரித்துவிடுவதற்கு இது நல்ல மாற்று. ஐந்தாவது, நிறுவனம் ஒருநாள் மூடப்பட்டால் தொகுப்பு எங்கே போகும்.

மத்திய அரசின் தேசிய ஆவணக் காப்பகம் தனியாரிடமிருந்து ஆவணங்களைக் கொடையாகவோ விலைக்கோ பெற 1993ஆம் ஆண்டுப் பொது ஆவணச் சட்டத்தில் இடம் இருக்கிறது. ஆனால் டெல்லிக்குப் போய்ச் சேரும் தொகுப்புகள் தேசியப் பெயர் பெற்றவர்களுடையதாகவே இருக்கும். திருவாரூர்ப் பக்கத்து நட்டுவனாருக்கும் மதுரை ஸ்திரீபார்ட்டுக்கும், அவர்கள் பெயரைக் கேட்டதும் யாரென்று தெரிகிற ஊர் நிறுவனம் வேண்டும். மாவட்ட இசைப் பள்ளிகள், பழைய சபாக்கள், கல்லூரி நூலகங்கள் ஆகியவற்றில் பூச்சி வராத ஓர் அறையும் ஒரு பட்டியலாளரும் இருந்தாலே தொடங்கிவிடலாம். ஞான பாரதம் கணக்கெடுப்புக்காக யாராவது வீட்டுக்கு வந்தால், அவர் சுவடியைப் பதிந்துகொண்ட பிறகு பெட்டியில் மீதி இருப்பவற்றையும் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அந்தத் தாளோடு பக்கத்தில் இருக்கும் காப்பகத்தை அணுகலாம்.